அருகில் இருப்பவர் போகட்டும்

ஒரு விடுகதை. விடை தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஒரு வீட்டில் பதினொரு பேர். கால் கிடையாது, ஆனால் ஓடிக்கொண்டே இருப்பார்கள். வாய் கிடையாது, ஆனால் கத்துவார்கள். அதுவும் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான். தலையைத் திருப்பினால்தான் பக்கத்தில் யார் என்று தெரியும், தூரத்தில் இருப்பவர் மங்கலாகத்தான் தெரிவார். ஒருவர் நினைப்பது இன்னொருவருக்குத் தெரியாது. இருந்தும் பதினொரு பேருக்கும் சேர்ந்து ஒரே வேலைதான். அவர்கள் யார்? குணசீலன் தன் மகள் நிறைமதிக்கு இந்த விடுகதையைப் போட்டபோது அவளுக்கு ஐந்து வயது. எறும்பு என்றாள். எறும்புக்குக் கால் உண்டே என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம அபார்ட்மென்ட்காரங்க" என்றாள். அடுப்படியில் இருந்த பிருந்தா சிரித்த சிரிப்பில் தோசைக் கரண்டி கீழே விழுந்தது. விடை அதுவும் இல்லை. கணினித் திரைக்குள் பந்தாடும் ரோபோக்கள் அவை. இரும்பு இல்லை, மோட்டார் இல்லை. ஆளுக்கொரு நிரல், திரையில் ஆளுக்கொரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண். அவற்றை எழுதியவர்கள் குணசீலனும் பிருந்தாவும். நிறைமதிக்கு இப்போது ஒன்பது வயது. வட்டங்கள் இன்னும் பதினொன்றுதான்.

அந்தப் பதினொரு வட்டங்களும் இந்த ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஈரோட்டுக்கு வெளியே குணசீலன் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், பச்சைத் திரையின் இடது பாதியில் மஞ்சள் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. வலது பாதியில் சிவப்பு நிறத்தில் நின்றவையும் அவையேதான், போன வருடத்துப் பதிப்பு. போட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் புதிய அணியைப் பழைய அணியோடு மோதவிட்டுப் பார்ப்பது வழக்கம். ஐந்து நிமிடம் ஒரு பாதி, இன்னோர் ஐந்து நிமிடம் மறுபாதி. அது முடிந்ததும் நிறைமதி சொல்லிவிடுவாள். "மேட்ச் முடிஞ்சதும் சொல்றேன்" என்று அவளேதான் நாள் குறித்திருந்தாள். அப்பாவோடு ஈரோட்டில் இருப்பதா, அம்மாவோடு ஓசூருக்குப் போவதா என்பதுதான் கேள்வி. பிருந்தாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அங்கே ஒரு பள்ளியில் இடம் கேட்டு வைத்திருந்தாள். நாளைக்கு அந்தப் பள்ளிக்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். பிள்ளையை யாரும் கேட்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது, அவளாகச் சொல்லட்டும் என்று இருவரும் வக்கீல் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் கேட்கவில்லை. பிருந்தா கேட்டாளா என்பது அவனுக்குத் தெரியாது.

ஆய்வகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும், தூசி ஆகாது. ஏசி அறையின் தரை குளிர்ந்து கிடந்தது. அவன் பாதங்களைத் தரையில் ஊன்றி வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் பாதம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. அது பிடித்திருந்தது. போன மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது மருத்துவர் ஊசி போட்டுவிட்டு உட்காரச் சொன்னார். நாக்கால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாக்குக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்கு நாக்கு தெரியவில்லை. இப்போதும் அப்படித்தான் உள்ளே தொட்டுப் பார்த்தான். அவள் ஓசூருக்குப் போகிறாள் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. அவள் இங்கேயே இருக்கிறாள். ஒன்றுமில்லை. அவள் பல் துலக்கும் பிரஷ், குட்டையான பச்சை பிரஷ், அது கண்ணாடிக்குக் கீழே இல்லை என்று நினைத்துப் பார்த்தான். பிரஷ் வாங்க வேண்டும், பழசு தேய்ந்துவிட்டது என்று தோன்றியது. அவ்வளவுதான். இறுதியாண்டு மாணவி ஷபானா அடுத்த கணினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சிரலாங்களா சார்" என்றாள். ஷபானாவுக்கு இந்த வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. மேடம் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "மேடம் நீங்க வந்து உக்காந்தாலே டிபன்ஸ் தானா நல்லா ஆடுதுங்க" என்றாள். பிருந்தா, "அதுக்குத்தான் டிராவல் அலவன்ஸ் கேட்டிருக்கேன்" என்றாள். நிறைமதி இருவருக்கும் நடுவில் சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் அமுக்கறேன்" என்று சொல்லி எலியைப் பிடிக்கிற மாதிரி மௌஸை இரண்டு கையாலும் மூடி அமுக்கினாள். பந்து நகர்ந்தது.

மஞ்சள் ஏழு, மஞ்சள் பத்து, திரும்ப ஏழு. முன்வரிசையை எழுதியது குணசீலன், பின்வரிசையையும் கோல்கீப்பரையும் எழுதியது பிருந்தா. நடுவில் ஆடுகிற மூவரை இருவரும் சேர்ந்து எழுதினார்கள், கோவையில் எம்.இ. படிக்கும்போது, ஒரே மேஜையில், ஒரே தட்டில் சுண்டல் தின்றுகொண்டு. அப்போதுதான் அந்த விதியை எழுதினார்கள். பந்து தனியாகக் கிடந்தால் யார் போவது? அருகில் இருப்பவர் போகட்டும், மற்றவர்கள் தங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். கத்திச் சொல்லலாம், ஆனால் கத்துவதற்கு அளவு உண்டு. ஒரு முறைக்குச் சில எழுத்துகள்தான், அதுவும் கொஞ்ச தூரம்தான் கேட்கும், இருவர் ஒன்றாகக் கத்தினால் ஒன்றுதான் காதில் விழும். மற்ற அணிகள் கத்திக் கத்தியே அதைத் தீர்த்துவிடும். இவர்கள் அணி கத்தாது. பார்த்தே தெரிந்துகொள்ளும். அந்த வருடம் ஒரு பேராசிரியர், "உங்க பசங்க ரொம்ப அடக்கம்" என்று சொன்னார். பிருந்தா அதைப் பல நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதும் அந்த விதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, யாரும் கூப்பிடாமலே. குழந்தை அழுதால் தொட்டிலுக்கு அருகில் இருப்பவர் எழுந்தார். கேஸ் தீர்ந்தால் அடுப்புக்கு அருகில் இருப்பவர் பதிவு செய்தார். நான் செய்யவா, நீ செய்கிறாயா என்ற பேச்சே கிடையாது. வந்து போகிறவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். "உங்க வீட்ல சத்தமே இல்லையே" என்றார்கள். நல்ல விதிதான். வருடக்கணக்கில் நன்றாக ஓடிய விதி.

"அப்பா, சோம்பேறி நிக்குது பாரு" என்றாள் நிறைமதி. மஞ்சள் ஏழுக்கு அவள் வைத்த பெயர் சோம்பேறி. "அது நிக்கலை, மூச்சு சேத்து வைக்குது" என்றான். "ஓடிட்டே இருந்தா அதுக்கு சக்தி தீந்துரும்." "இதை நான் பி.டி. சார்கிட்ட சொன்னா கிரவுண்டைச் சுத்தி ஓட விடுவார்" என்றாள். பிருந்தா சிரித்தாள். அவன் சிரிப்பு வரும் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு உதட்டை மட்டும் விரித்தான். திரையின் நடுவில் பந்து உருண்டு வந்து சிவப்பு ஆறுக்கும் சிவப்பு எட்டுக்கும் இடையில் நின்றது. ஆறு எட்டைப் பார்த்தது, எட்டு ஆறைப் பார்த்தது. இரண்டும் கொஞ்சம் பின்வாங்கித் தங்கள் இடத்துக்குப் போயின. பந்து அங்கேயே கிடந்தது. மஞ்சள் பத்து தூரத்திலிருந்து ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டது. "ஐய, ரெண்டும் பாத்துட்டே இருக்குது" என்றாள் ஷபானா. "போன வருஷம் பூராவும் இப்படித்தாங்க தோத்தோம்." ஆமாம். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பதால் வருகிற கோளாறு அது. ஆறின் கண்ணுக்கு எட்டுதான் பந்துக்கு அருகில். எட்டின் கண்ணுக்கு ஆறுதான் அருகில். இரண்டும் விதியைச் சரியாகப் பின்பற்றின. இரண்டின் மேலும் தப்பில்லை. தலையைத் திருப்பாத நேரத்தில் அவை மற்றவரைக் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே இருப்பதாக வைத்துக்கொள்ளும்; பார்த்து நேரமாகிவிட்டது என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். குறித்து வைக்கும், ஆனாலும் நம்பும்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை வலுக்கிறது, பள்ளியை மதியமே விட்டுவிடுகிறோம் என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. குணசீலன் இதே நாற்காலியில்தான் இருந்தான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்குத் தெரிகிற மாதிரி இருவரும் போனில் மேப்பைப் பகிர்ந்து வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தான். பிருந்தாவின் புள்ளி பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நின்றது. அவள் அருகில் இருக்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். பிருந்தா அந்த நேரத்தில் பவானியில் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தாள். மழையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அவள் புள்ளி அவள் காலையில் கடந்து போன தெருவிலேயே நின்றுவிட்டது. அவளும் செய்தியைப் பார்த்தாள். அவளும் போனில் பார்த்தாள். ஆய்வகத்துக்குள் சிக்னல் சரியாக வராது. குணசீலனின் புள்ளி அவன் காலையில் போஸ்டர் அச்சடிக்கப் போன கடையில் நின்றது. கடைக்குப் பின்னால்தான் பள்ளி. ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் போன் போட்டுக் கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை, அதில்தானே பெருமை. இருட்டும் நேரத்தில் அவன் வண்டியை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறும்போது அவள் கீழே வந்து நின்றாள். அவள் அவனுடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அவன் அவளுடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தான். இரண்டு பேரும் ஓடினார்கள், இரண்டு வண்டியில். ஒரே வண்டியில் போகலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பள்ளி கேட்டில் தகரக் கூரைக்குக் கீழே வாட்ச்மேனின் ஸ்டூலில் நிறைமதி உட்கார்ந்திருந்தாள். ஈர சாக்ஸைப் பிழிந்து கேட் கம்பியில் காயப்போட்டிருந்தாள். "ரெண்டு வண்டி எதுக்கு?" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை, அது ஒன்றைத்தான் கேட்டாள். சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வண்டியில் ஏறினாள். எந்த வண்டி? அவன் வண்டியா, பிருந்தாவின் வண்டியா? அவனுக்கு ஞாபகம் வரவில்லை. முதுகில் ஈரப் பை அழுத்தியதா என்று யோசித்துப் பார்த்தான். இடுப்பைச் சின்னக் கைகள் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் எத்தனையோ முறை அப்படிப் பிடித்திருக்கிறாள். இது எந்த நாளின் கை என்று எப்படிச் சொல்வது. முன்னால் ஒரு வண்டியின் சிவப்பு விளக்கு போவதும் ஞாபகம் இருந்தது. அதன் பின் சீட்டில் யாராவது இருந்தார்களா என்று பார்த்தால் அங்கே மழைதான் தெரிந்தது. பிருந்தாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அவளைக் கேட்டதில்லை.

பாதி ஆட்டம் முடிந்து திரை நின்றது. ஷபானா பையிலிருந்து தேங்காய் பன் பொட்டலத்தை எடுத்து, "லேப்ல சாப்பிடக் கூடாதுன்னு சார்தான் போர்டு எழுதி வச்சிருக்காங்க, அதனால வேகமா சாப்பிடணும்" என்று பிய்த்துக் கொடுத்தாள். பிருந்தா தன் துண்டில் இருந்த செர்ரியை எடுத்து நிறைமதியின் துண்டின் மேல் வைத்தாள். அவனும் எடுத்து வைக்கப் போனான், அவனுடையதில் செர்ரி இல்லை. "ஏழோட வேகத்தைக் கூட்டினியா, குணா?" என்று பிருந்தா கேட்டாள். "இல்ல. விதியை மாத்தினேன்." "பாத்தேன்." மழைக்கு அடுத்த நாள் சனிக்கிழமை அவன் செய்த ஒரே காரியம் அதுதான். வீட்டில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசியிருக்கலாம். இங்கே வந்து உட்கார்ந்து விதியை மாற்றினான். போகிறவர் 'நான்' என்று கத்திவிட்டுப் போகட்டும். யாரும் கத்துவது காதில் விழவில்லை என்றால், தூரமானாலும் நீ போ. திங்கட்கிழமை பார்த்தபோது பிருந்தா தன் பின்வரிசைக்கும் அதையே எழுதி வைத்திருந்தாள். பேசாமலே ஒத்துப்போய்விட்டார்கள். அந்த மழை நாளுக்காக அவர்கள் பிரியவில்லை. எதற்காகப் பிரிகிறீர்கள் என்று வக்கீல் கேட்டபோது இருவரும் மற்றவர் சொல்வார் என்று காத்திருந்தார்கள். வக்கீல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மனவேறுபாடுன்னு போட்டுக்கறேன்" என்றார்.

இரண்டாவது பாதி தொடங்கியது. அவன் பன்னின் இனிப்பு நாக்கில் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. பயம் இருக்கிறதா என்று பார்த்தான். ஏசியின் இரைச்சல் இருந்தது. இந்த ஆட்டத்தில் கோச் என்று இன்னொரு நிரலும் உண்டு. அதன் கண்ணுக்கு மங்கல் கிடையாது, மைதானம் முழுவதும் துல்லியமாகத் தெரியும். யார் எங்கே, பந்து எங்கே, அடுத்து எங்கே போகும், எல்லாம் தெரியும். ஆனால் அது நினைத்த நேரத்தில் பேச முடியாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதை எழுதும்போது குணசீலனுக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது. எல்லாம் தெரியும், பேச வேண்டிய பொறுப்பு இல்லை. இப்போது அவனுக்கு எதுவும் தெரியவில்லை, பேசவும் முடியவில்லை. பிருந்தா காலையில் இவளை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்போது ஆட்டோவில் கேட்டிருப்பாளா? கேட்டிருக்கலாம். ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான், ஆனால் ஆட்டோவில் யார் பார்க்கப் போகிறார்கள். அவளுக்கு விடை தெரிந்திருந்தால் செர்ரி எடுத்து வைத்திருப்பாளா? தெரிந்ததால்தான் வைத்தாளா? விடை அவன் பக்கம் என்றால் அந்தச் செர்ரி பிள்ளைக்குச் சமாதானம். விடை அவள் பக்கம் என்றால் அந்தச் செர்ரி பிள்ளைக்கு நன்றி. செர்ரியும் இல்லை அது, பப்பாளிக்காயில் சாயம் போட்டது. நானும் கேட்டிருக்கலாம், நேற்று சாதம் பிசையும்போது, என்று நினைத்துக்கொண்டான். பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். கேட்க வந்தது அதுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"அப்பா, ரெண்டும் போகுது" என்றாள் நிறைமதி. மஞ்சள் அணியின் பின்வரிசையில் பந்து தனியாக உருண்டுகொண்டிருந்தது. மூன்றும் ஐந்தும் அதை நோக்கி ஓடின. இரண்டும் ஒரே நொடியில் 'நான்' என்று கத்தியிருக்க வேண்டும். ஒருவர் கத்தியது மற்றவர் காதில் விழவில்லை. இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் இருவரும் விட்டுவிட்டு வந்த இடம் வெறும் பச்சையாகக் கிடந்தது. அந்தப் பச்சை வழியாகச் சிவப்பு ஒன்பது அலுங்காமல் நடந்து போய் கோல் போட்டது. "போச்சுங்க" என்றாள் ஷபானா. "முன்னாடி ரெண்டும் போகாம வாங்கினோம். இப்ப ரெண்டும் போய் வாங்கறோம்." பிருந்தா நாற்காலியை முன்னால் இழுத்துத் திரையை உற்றுப் பார்த்தாள். அது அவளுடைய மூன்று, அவளுடைய ஐந்து. "அதுங்களுக்குள்ள சண்டை வருமா?" என்று நிறைமதி கேட்டாள். "வராதுடா" என்றான். "கோவம்?" "அதெல்லாம் எழுதலை." "யாரு எழுதலை, நீயா அம்மாவா?" அவன் பிருந்தாவைப் பார்த்தான். பிருந்தா திரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும்தான்" என்றாள். நிறைமதி சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தொங்கப் போட்டாள். பாதம் தரையில் பட்டதும் சில்லென்று இருந்திருக்க வேண்டும், மறுபடி தூக்கிக்கொண்டாள். அவள் கால் எப்போது தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்தது என்று யோசித்தான். போன முறை அவள் இங்கே வந்தபோது தொடவில்லை. அவளைக் கடைசியாக எப்போது பார்த்தேன். தினமும்தான் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்த இடத்திலேயே அவளை வைத்திருந்தேன் போலிருக்கிறது. அங்கே அவள் இல்லை. அந்த நினைப்பில் எங்கோ ஓரிடத்தில், ஊசியின் மரப்பு விடும்போது முதலில் குத்துகிற மாதிரி ஒன்று குத்தியது. அது என்ன என்று திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் இரண்டு, மஞ்சள் நாலு. யாரோ உதைத்தார்கள், யாரோ தடுத்தார்கள். திரையின் மூலையில் ஓடிய நேரம் தீர்ந்தது.

ஒன்றுக்கு ஒன்று. "டிரா சார். அழுவறதா சிரிக்கறதா தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு ஷபானா பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது. வட்டங்கள் நின்ற இடத்தில் நின்றன. இப்போது யாராவது பேச வேண்டும். பிருந்தாவின் நாற்காலிதான் பிள்ளைக்கு அருகில் இருந்தது. அவள் கேட்கட்டும் என்று குணசீலன் காத்திருந்தான். பிருந்தா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் காத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆட்டோவில் இவள் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். "தண்ணி வேணுமா?" என்று கேட்கத்தான் வாய் போயிற்று, அதனால் மூடிக்கொண்டான்.

"ஓசூர்" என்றாள் நிறைமதி.

"ஏன்டா?" அதை இரண்டு பேரும் கேட்டார்கள்.

"அங்க ஸ்கூல் அம்மா வீட்டுக்கு எதிர்லயே இருக்கு. பால்கனியில இருந்து பாத்தா பெல் தெரியும். நானே போயிட்டு நானே வந்துருவேன். யாரும் கூட்டிட்டு வர வேணாம்."

மறுநாள் காலையில் பிருந்தா ஓசூர்ப் பள்ளிக்குப் போன் செய்து இடம் வேண்டும் என்று சொன்னாள். நிறைமதி ஜூன் மாதம் அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்கிறாள்.